உள்ளே வரத் துடித்த தைலம்

ஒரு ஊரில் ஒரு தைலம் இருந்தது. சின்ன சீசா, பெரிய பேச்சு. தங்கப்பழம் என்கிற லாரி டிரைவரின் வீட்டில் தலைவலிக்கும் அதுதான், சளிக்கும் அதுதான், முட்டி வலிக்கும் அதுதான். மாத்திரை வயிற்றுக்குள் போய்ச் சத்தமில்லாமல் வேலை செய்யும். தைலம் அப்படியல்ல. எரியும், மணக்கும், தான் வந்திருப்பதைத் தெருவுக்கே சொல்லிவிடும். அப்படிப்பட்டவர்களுக்குத் தலைக்கனம் வருவது சகஜம்.

தங்கப்பழத்துக்குச் சர்க்கரை வியாதி. இடது பாதம் மரத்துப் போயிருந்தது. இன்ஜின் சூட்டில் உள்ளங்கால் வெந்தபோது அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. புண் வந்தது. வந்தது போகவில்லை.

தைலம் ஒருநாள் புண்ணை அதட்டியது. "ஏன் ஆற மாட்டேன் என்கிறாய்? என்ன திமிர் உனக்கு?"

"திமிரா? பட்டினி," என்றது புண். "புதுச் சதை வளர்க்க எனக்குப் பிராணவாயு வேண்டும். அதை ரத்தம்தான் சுமந்து வரவேண்டும். வருகிற வழியெல்லாம் சுருங்கிவிட்டது. நான் என்ன செய்ய?"

"நான் வந்து தடவிக் கொடுக்கட்டுமா?"

"நீ தள்ளிப் போனால் போதும்."

தைலத்துக்கு முகம் சுருங்கிவிட்டது.

பக்கத்து நகரத்து ஆஸ்பத்திரியில் ஒரு கண்ணாடி அறை உண்டு. ஒரு ஆள் நீட்டிப் படுக்கிற அளவுதான் இருக்கும். அதற்குள் பிராணவாயுவை அழுத்தி நிரப்புவார்கள். அழுத்தம் கூடினால் அது ரத்தத்தில் நிறையக் கரைந்து, போக முடியாத இடத்துக்கும் போய்ச் சேரும். சில வாரம் அதில் படுக்கச் சொன்னார் டாக்டர். அதற்கும் சதை வளராவிட்டால் பாதத்தை எடுத்துவிட வேண்டும் என்றார்.

தங்கப்பழம் ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "கால எடுத்துட்டா கிளச்ச எதுல மிதிக்க?"

டாக்டர் நர்ஸைக் கூப்பிட்டு விவரம் சொல்லச் சொன்னார்.

நர்ஸ் பிலோமினா எல்லாவற்றையும் விளக்கினார். குளித்துவிட்டு வரவேண்டும். பருத்தித் துணிதான் உடுத்த வேண்டும். மோதிரம், கடிகாரம், செல்போன் எதுவும் ஆகாது. தலைக்கு எண்ணெய், முகத்துக்குப் பவுடர், எதுவும் கூடாது.

தங்கப்பழத்தின் மனைவி செல்வக்கனி தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டாள். மறுநாள் காலையில் அவர் தலையைச் சீயக்காய் போட்டு அலசிவிட்டாள். பிறகு, அந்த அறை குளிருமே என்று நெஞ்சிலும் முதுகிலும் தைலத்தைத் தாராளமாகத் தேய்த்துவிட்டாள். எண்ணெய்தானே கூடாது என்றார்கள்? இது மருந்து. அவளுக்கு அதில் ஒரு சந்தேகமும் வரவில்லை.

"எண்ணெய் கிண்ணெய் தேய்க்கலையே?" என்று பிலோமினா கேட்டார்.

"ஒரு பொட்டு எண்ணெய் வைக்கல நர்சம்மா," என்றாள் செல்வக்கனி. அவள் பொய் சொல்லவில்லை. பிலோமினாவின் மூக்கு முகக்கவசத்துக்குள் இருந்தது.

தங்கப்பழத்தைப் படுக்கையோடு உள்ளே தள்ளினார்கள். சட்டைக்குள் இருந்த தைலத்துக்குப் பெருமை தாங்கவில்லை. மோதிரமும் கடிகாரமும் வெளியே தட்டில் கிடக்கின்றன, தான் மட்டும் உள்ளே!

குழாய் வாயில் காத்திருந்த பிராணவாயு கேட்டது. "யார் அங்கே?"

"நான்தான், தைலம். உனக்கு உதவிக்கு வந்திருக்கிறேன். இவருக்கு எந்தச் சுகவீனம் என்றாலும் நான் கூடவே இருப்பேன்."

"வெளியே போ."

"ஏன்? நான் என்ன கெட்டவனா?"

"இல்லை. நானும் கெட்டவனில்லை. ஆனால் இதற்குள் நான் நெருக்கியடித்துக்கொண்டு நிற்பேன். அப்போது ஒரு சின்னப் பொறி உன்மேல் விழுந்தால் என்னால் சும்மா இருக்க முடியாது. உன்னைக் கொழுந்துவிட்டு எரிய வைப்பேன். எது எரிந்தாலும் ஊட்டி வளர்ப்பது என் குணம். அவர் உள்ளே படுத்திருப்பார், கதவு வெளியிலிருந்து பூட்டியிருக்கும். யோசித்துக்கொள்."

தைலம் பயந்துவிட்டது. உண்மையாகவே பயந்துவிட்டது. அந்த மார்பில் எத்தனை முறை அது ஏறிப் படுத்திருக்கிறது! கதவு பாதி மூடிவிட்டது. அதற்குக் கத்தத் தெரியாது, கையும் கிடையாது. தன் காரத்தையெல்லாம் திரட்டிக்கொண்டு சட்டைக் கழுத்து வழியாக மேலே ஏறி, தங்கப்பழத்தின் கண்ணைக் கடித்தது.

அவருக்குக் கண்ணீர் கொட்டியது.

"என்னங்கய்யா, பயமா இருக்கா? அழுறீங்களே," என்றார் பிலோமினா.

"அழலம்மா. தைல நெடி. தாங்க முடியல."

பிலோமினா கதவைச் சட்டென்று திறந்து படுக்கையை வெளியே இழுத்தார். அதன்பிறகு செல்வக்கனி வாங்கிக் கட்டிக்கொண்டது கொஞ்சநஞ்சமல்ல. "குளிருமேன்னுதான் தேய்ச்சேன்," என்று முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

சோப்பு போட்டு இரண்டு தடவை கழுவினார்கள். தைலம் தண்ணீரோடு இறங்கிச் சாக்கடைக்குப் போயிற்று. மீதி சீசாவில் இருந்தது, சீசா செல்வக்கனியின் கட்டைப்பையில் இருந்தது. துணியை மாற்றி, அவரை மறுபடியும் உள்ளே அனுப்பினார்கள்.

அழுத்தம் ஏறியபோது காது முணுமுணுத்தது. "யாரடா இது, இடித்துக்கொண்டு வருவது?"

"கொஞ்சம் வழி விடு," என்றது பிராணவாயு. "எச்சிலை விழுங்கச் சொல். உனக்கும் சரியாகிவிடும்."

தங்கப்பழம் விழுங்கினார். காது திறந்தது. பிராணவாயு ரத்தத்தில் ஏறி, சுருங்கிய வழிகளில் நுழைந்து, புண்ணிடம் போய்ச் சேர்ந்தது. புண் ஒரு வார்த்தையும் பேசாமல் சாப்பிட்டது.

வாரங்கள் போயின. ஒருநாள் டாக்டர் கட்டைப் பிரித்துப் பார்த்தார். அடியில் சிவப்பாகப் புதுச் சதை. பாதத்தை எடுக்க வேண்டியதில்லை என்றார்.

செல்வக்கனி கட்டைப்பையிலிருந்து சீசாவை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "உள்ள விடாட்டி என்ன, தெனமும் வாசல்வரைக்கும் கொண்டாந்தேன்லா. இதோட ராசிதான் கால காப்பாத்திருக்கு!"

பிலோமினா சிரித்துவிட்டார்.

சீசாவுக்குள் தைலம் கூனிக் குறுகியது. கிளம்பும்போது பை கண்ணாடி அறையைத் தாண்டியது. அப்போது குழாயைப் பார்த்து மெல்லச் சொன்னது. "கோபித்துக்கொள்ளாதே. அந்த அம்மாவுக்கு விவரம் போதாது. எல்லாம் நீ செய்தது. நான் பையில் சும்மா கிடந்தேன்."

பிராணவாயு சொன்னது: "அவர் காலைக் காப்பாற்றியது நான்தான். என்னிடமிருந்து அவரைக் காப்பாற்றியது நீ."