பக்கத்து மனை

மதுரைக்கு வடக்கே மனை விற்ற ராசமாணிக்கத்திடம் சமையல் வேலை பார்த்தவள் வேலம்மாள். மனை பார்க்க வேன் ஏறி வருகிறவர்களுக்கு எலுமிச்சைச் சாதம் கட்டிக்கொடுப்பாள். ஆறு வருடச் சேமிப்பில் தனக்கும் ஒரு மனை வாங்க ஆசைப்பட்டாள்.

அது முதலாளி காதுக்கு எட்டியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தவர்கள் முன்னால் அவளை நிறுத்தினார்.

"எங்க சமையல்காரம்மாவே இங்கதான் வாங்கப் போகுது. ஏம்மா, இந்த நாற்பது மனையில ஒரு குறை சொல்லு, ஒண்ணு சும்மாவே தர்றேன். சொல்ல முடியலன்னா இன்னைக்கே அட்வான்ஸ் கட்டிடணும்."

குறை சொன்னால் வேலை போகும். சொல்லாவிட்டால், மனை நல்லதா என்று தெரியாமலே சேமிப்பு போகும். வேலம்மாள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாள்.

"குறை சொல்ல எனக்கு என்னங்கய்யா தெரியும்? அட்வான்ஸ் கட்டிடறேன். உங்க வீட்டம்மா பேர்ல இருக்கிற மனைக்குப் பக்கத்து மனையாக் குடுங்க. அது எதுன்னு மட்டும் காட்டுங்க."

ராசமாணிக்கம் தடுமாறினார். "நான் விக்கிறவன்மா. இங்க எங்க பேர்ல எதுவும் இல்ல."

வந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அன்று யாரும் அட்வான்ஸ் கட்டவில்லை. மறுநாள் வேலம்மாளுக்கு வேலையும் இல்லை.

ஐப்பசி மழையில் அந்த நாற்பது மனையிலும் முழங்காலளவு தண்ணீர் நின்றது. அதே மழையில் நனைந்துகொண்டே அலைந்து, தண்ணீர் தேங்காத மேட்டில் ஒன்றரை சென்ட் வாங்கினாள். சின்னதாக ஒரு கடை கட்டி வாடகைக்கு விட்டாள். நாலு வருடம் கழித்து இரண்டாவது மனை பார்க்கக் கிளம்பியபோதும் மழை கொட்டியது.

"வெயில் வந்ததும் பார்க்கலாம்மா" என்றார் தரகர்.

"வெயில்ல எல்லா மனையும் நல்லாத்தாங்க இருக்கும்" என்றபடி அவள் குடையை விரித்தாள்.