முதுகில் முடிந்த தோல்

ஒரு காட்டில் மழை பெய்யாத மாதங்கள் உண்டு. வம்புப் பேச்சு பெய்யாத நாள் கிடையாது. அந்தக் காட்டில் கார்குழலி என்னும் பெண் கரடி தன் ஒரே குட்டியுடன் வாழ்ந்துவந்தது.

பாறைச் சரிவில் இருந்த ஒரு குகைதான் அவற்றின் வீடு. குகையின் வாய் மிகவும் குறுகலானது. உடலை ஒடுக்கிக்கொண்டுதான் உள்ளே போக முடியும். அதனாலேயே அது நல்ல வீடு. காட்டுப் புலி அதற்குள் தலையை நீட்டினால், உள்ளே இருக்கும் கரடியின் நகங்களுக்கு முகத்தைக் கொடுக்க வேண்டியிருக்கும். புலி அவ்வளவு மூடம் அன்று.

ஆனால் கார்குழலி ஒரு காலத்தில் மிகவும் பருத்துப்போயிற்று. மலையடிவாரத்தில், மனிதர் கைவிட்டுச் சென்ற பலாத்தோப்பு ஒன்று இருந்தது. பழங்கள் தாமாகவே விழும். மரம் ஏற வேண்டியதில்லை. கரடி அங்கேயே உட்கார்ந்து தின்றது. தின்ற இடத்திலேயே உறங்கிற்று. மழைக்காலம் தொடங்கிய அன்று வீடு திரும்பியபோது, தலையும் தோளும் குகைக்குள் நுழைந்தன. வயிறு நுழையவில்லை.

அந்த மழைக்காலம் முழுவதும் குட்டி உள்ளேயும் தாய் வெளியேயும் கிடந்தன.

"அம்மா, உள்ளே வா" என்று குட்டி அழும்.

"நாளைக்கு வருகிறேன். நீ உறங்கு" என்று தாய் சொல்லும்.

ஒருநாள் புலி வந்தது. கரடி குகை வாயிலை மறித்து நின்று போரிட்டது. புலி விலகிப் போயிற்று. ஆனால் கரடியின் தோள் கிழிந்துவிட்டது. இன்னொரு முறை இப்படி வெளியில் நின்று போரிட்டால் உயிர் மிஞ்சாது என்பதை அது அறிந்துகொண்டது.

மறுநாள் முதல் பலாத்தோப்பின் பக்கமே போகவில்லை. தோப்பின் மணம் காற்றில் வரும்போதெல்லாம் எதிர்த்திசையில் நடந்தது. கறையானும் நாவற்பழமும் மட்டும் தின்றது. உச்சிப்பாறை வரை ஏறிற்று, இறங்கிற்று, மூட்டு வலித்தது, மறுபடியும் ஏறிற்று. குழந்தைகளே, இதைச் சொல்ல எனக்குச் சில வரிகள் போதும். செய்து முடிக்கக் கரடிக்கு ஓர் ஆண்டு ஆயிற்று.

அடுத்த மழைக்காலத்துக்கு முன் கார்குழலி குகைக்குள் நுழைந்தது. குட்டி அதன் மேல் தாவி விழுந்தது. அந்த நேரத்தில் மகிழ்ச்சி பொங்கும் என்று கரடி எதிர்பார்த்திருந்தது. வந்தது களைப்புத்தான்.

இளைத்தது உடல், தோல் இளைக்கவில்லை. அது வயிற்றின் கீழ் மடிமடியாகத் தொங்கிற்று. நடந்தால் இருபுறமும் ஆடிற்று. ஓடினால் தொடையில் அறைந்தது. மடிப்புகளுக்குள் வியர்வை தேங்கி எரிந்தது. எறும்பும் உண்ணியும் இடம் பிடித்துக்கொண்டன.

பருத்திருந்தபோது சிரித்த காடு, இப்போதும் சிரிப்பதற்குக் காரணம் கண்டுபிடித்தது.

"கார்குழலி, இது யாருடைய தோல்? யானையிடம் இரவல் வாங்கினாயா?" என்று கேட்டது, தன் தோகையைத் தவிர வேறெதையும் மதிக்காத மயில்.

"உள்ளே இன்னொரு கரடி குடியேறலாம் போலிருக்கிறதே! எனக்கும் ஓர் அறை ஒதுக்கிக் கொடு, மழைக்கு ஆகும்" என்றது குரங்கு.

"இளைத்துவிட்டால் வாயை மூடுவீர்கள் என்று நினைத்தேன்" என்றது கரடி.

"நாங்கள் எப்போது அப்படிச் சொன்னோம்?" என்றது குரங்கு.

காலைதோறும் ஒரு மைனா வந்து கரடியின் மடிப்புகளில் இருந்த உண்ணிகளைக் கொத்தித் தின்னும். அதற்குப் புகழவும் தெரியாது, பழிக்கவும் தெரியாது.

"மைனா, இந்தத் தோல் சுருங்குமா?" என்று கரடி கேட்டது.

"கொஞ்சம் சுருங்கலாம். முழுவதும் சுருங்காது. ஓடையில் கழுவு. மடிப்பைத் தூக்கி வெயிலில் காயவை. புண்ணாகாது."

"எத்தனை நாளைக்கு அப்படிச் செய்ய வேண்டும்?"

"நாள் கணக்கு இல்லை. தினமும்."

கரடி பெருமூச்சு விட்டது. அது கேட்க விரும்பிய விடை அதுவன்று.

அந்தக் காட்டில் ஒரு நரியும் இருந்தது. புலி தின்ற மிச்சம்தான் அதன் உணவு. குகைக்கு வெளியே கிடக்கும் கரடியை இந்த மழைக்காலத்தில் புலி கொன்றுவிடும் என்றும், தனக்குப் பல நாள் விருந்து என்றும் அது நம்பியிருந்தது. கரடி இளைத்து உள்ளே போனதில் மிகவும் வருந்தியது நரிதான். வருத்தத்தை முகத்தில் வைத்துக்கொண்டே அது கரடியிடம் வந்தது.

"அக்கா, உன்னை இந்தக் கோலத்தில் பார்க்க எனக்கு மனம் கேட்கவில்லை. பை வெறுமையாக இருப்பதால்தானே தொங்குகிறது? நிரப்பிவிட்டால் தொங்காது. தோப்பில் பலா பழுத்து வெடித்துக் கிடக்கிறது."

"நரியே, நான் களைத்திருக்கிறேன், மூடமாகிவிடவில்லை. போய் வா."

நரி போயிற்று. மறுநாளே வந்தது.

"நேற்றுச் சொன்னது வேடிக்கைக்கு, அக்கா. இன்று சொல்வதுதான் மருந்து. தொங்கும் தோலை இருபுறமும் இழுத்து முதுகின் மேல் சேர்த்துக் கொடியால் முடிந்துவிடலாம். முடிச்சின் மேல் வேங்கை மரத்துப் பிசினைப் பூசிவிட்டால் அவிழாது."

"முதுகின் மேலா?"

"உன் முதுகை நீ பார்க்கப்போவதில்லை. எதிரே வருகிறவர்களும் பார்க்கப்போவதில்லை."

"வலிக்குமோ?"

"ஓர் ஆண்டு வாயைக் கட்டி, மலை ஏறி இறங்கியவள் நீ. உனக்கு இது ஒரு வலியா, அக்கா?"

அந்த ஓர் ஆண்டைப் பற்றி அதுவரை அந்தக் காட்டில் யாரும் ஒரு சொல்லும் சொன்னதில்லை. நரி சொல்லிற்று. கரடி படுத்து முதுகைக் கொடுத்தது.

நரி இழுத்தது, முடிந்தது, பூசிற்று. நண்பகல் வெயிலில் பிசின் கல்லாக இறுகிற்று. கரடியின் முதுகில் பலாப்பழம் அளவுக்கு ஒரு திமில் எழுந்து நின்றது.

கரடி ஓடை நீரில் தன்னைப் பார்த்துக்கொண்டது. வயிறு வழவழவென்று இருந்தது. மூச்சை முழுவதும் இழுக்க முடியவில்லை. ஆயினும் அது இன்னும் சற்று நேரம் நின்று பார்த்தது.

"அட, இதுவல்லவா உருவம்!" என்றது மயில். கேலி செய்ய வந்த குரங்கு வேறு மரத்துக்குப் போய்விட்டது.

குட்டி வழக்கம்போலத் தாயின் முதுகில் ஏறிற்று, வழுக்கி விழுந்தது. "அம்மா, எதைச் சுமக்கிறாய்? எனக்கு உட்கார இடமில்லையே!"

"இன்று நட" என்றது கரடி.

பிற்பகல் முழுவதும் அது காட்டைச் சுற்றி வந்தது. வழியில் மைனாவைக் கண்டது.

"தோலை எங்கே வைத்தாய்?" என்று கேட்டது மைனா.

"முதுகில்."

"வீட்டுக்குள் போய்ப் பார்த்தாயா?"

"வீட்டுக்குள் யார் என்னைப் பார்க்கப்போகிறார்கள்? இங்கே நாலு பேர் பார்க்கட்டும்."

மைனா வானத்தைப் பார்த்தது. மேகம் கறுத்துக்கொண்டு வந்தது. அது தன் கூட்டுக்குப் பறந்தது.

பொழுது சாயும்போது பெருமழை பிடித்துக்கொண்டது. கரடியும் குட்டியும் குகைக்கு ஓடின. குட்டி உள்ளே புகுந்தது. கரடியின் தலை நுழைந்தது, தோள் நுழைந்தது. பிறகு முதுகின் திமில் மேற்பாறையில் இடித்து நின்றது. கரடி முன்னே உந்திற்று. திமில் பாறைக்கடியில் இறுகிக்கொண்டது. பின்னே இழுத்தது, அதுவும் முடியவில்லை.

"அம்மா, உள்ளே வா" என்றது குட்டி.

பழைய சொற்கள். பழைய குரல். 'நாளைக்கு வருகிறேன்' என்ற விடையும் பழக்கத்தால் கரடியின் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அப்போது வெளியே, மழைக்குள், நரியின் குரல் கேட்டது.

"இந்தப் பக்கம் வாருங்கள், ஐயா. சேற்றில் வழுக்கும், மெதுவாகவே வாருங்கள். அவள் எங்கும் போய்விடமாட்டாள்."

கரடிக்கு எல்லாம் விளங்கிற்று. கோபப்படக்கூட அதற்குத் தெம்பில்லை.

"குட்டி, என் கழுத்துக்கு மேலே சந்து இருக்கிறது பார். தலையை நுழை. என் முதுகில் ஒரு கொடி கட்டியிருக்கும். அதைக் கடி."

"உனக்கு வலிக்குமே."

"கடி."

குட்டி கடித்தது. பின்னால் புலியின் மூச்சுக்காற்று கரடியின் காலில் பட்டது. கரடி பலமெல்லாம் திரட்டி ஓர் உதை விட்டது. புலி உறுமிப் பின்வாங்கி, மீண்டும் பாய ஒடுங்கிற்று.

"குட்டி!"

"பிசின் கசக்கிறது, அம்மா!"

"கசக்கட்டும். கடி!"

கொடி அறுந்தது. பிசின் பிளந்து, மயிரையும் ஒரு கீற்றுத் தோலையும் பிய்த்துக்கொண்டு உதிர்ந்தது. முடிந்து கிடந்த தோல் இருபுறமும் சரிந்தது. பாறை இடித்த இடத்தில் மடிந்தது. பாறை விட்ட இடத்தில் விரிந்தது. கரடி வழுக்கிக்கொண்டு உள்ளே போயிற்று. புலியின் நகத்தில் ஒரு கொத்துக் கறுப்பு மயிர் மட்டும் சிக்கிற்று.

உள்ளே கரடி திரும்பிற்று. குறுகிய வாயிலில் அதன் பத்து நகங்களும் வரிசையாகத் தெரிந்தன.

புலி அவற்றைச் சிறிது நேரம் பார்த்தது. பிறகு நரியைப் பார்த்தது.

"இதற்காகவா என்னை மழையில் அழைத்து வந்தாய்?"

விடை சொல்ல நரி அங்கே நிற்கவில்லை. புலி அதைத் துரத்திக்கொண்டு மழைக்குள் மறைந்தது.

மறுநாள் வெயில் வந்தது. கரடி ஓடையில் தோலைக் கழுவிவிட்டுப் பாறையின் மேல் ஒருக்களித்துப் படுத்திருந்தது. மைனா காயத்தைச் சுற்றி வந்த ஈக்களைக் கொத்திக்கொண்டிருந்தது. மயில் அங்கே வந்தது.

"ஐயோ, மறுபடியும் தொங்குகிறதே! நேற்று எவ்வளவு நன்றாக இருந்தாய்! யாருடைய தோல் இது?"

"என்னுடையது. பருத்திருந்தபோதும் என்னுடையது, இப்போதும் என்னுடையது. உன் தோகையைச் சற்று மடக்கு. இந்த மடிப்பு இன்னும் காயவில்லை" என்றது கரடி.

கரடிக்கு அந்தத் தோல் பிடித்துப்போயிற்று என்று நான் சொல்லமாட்டேன். பிடிக்கவில்லை. ஓடினால் அது இன்னமும் தொடையில் அறைந்தது, கோடையில் எரிந்தது. கரடி அதைத் தினமும் கழுவிற்று; தினமும் காயவைத்தது.

அன்று மாலை மறுபடியும் மழை. கரடி உடலை ஒடுக்கிக் குகைக்குள் நுழைந்து படுத்தது. குட்டி குளிருக்கு அந்தத் தொங்கும் தோலைத் தன் மேல் இழுத்துப் போர்த்திக்கொண்டு உறங்கிப்போயிற்று. கரடி அதை விலக்கவில்லை. விலக்கவும் முடியாத அளவுக்கு அதற்கு உறக்கம் வந்திருந்தது.

நீதி: அரும்பாடுபட்டுப் பெற்ற ஒன்றைப் பிறர் கண்ணுக்கு அழகாக்கப் போய், எதற்காக அதைப் பெற்றோமோ அதை இழந்துவிடக் கூடாது.