எலுமிச்சம்பழம் ஏத்தின வண்டி

ஆவுடையப்பன் அண்ணாச்சி அன்னைக்குப் போலீஸ் ஸ்டேஷன்ல சொல்ல வேண்டியது ஒரே ஒரு வார்த்தைதான். பொம்மை. அதைச் சொல்லிட்டா அவரோட ரிமோட் காரு கைக்கு வந்துரும். வீட்டுலருந்து ஸ்டேஷன் வாசல் வரைக்கும் மச்சினன் கொம்பையா அதையே ஓதிக்கிட்டு வந்தான். "அத்தான், உங்க கால்ல வேணும்னாலும் விழுதேன். பொம்மைன்னு மட்டும் சொல்லுங்க. வேற எதுக்கும் வாயைத் திறக்க வேண்டாம்."

நடந்தது இதுதான். முந்தின நாள் சாயங்காலம், பூங்காவுல ஜனங்க நடக்கிற பாதையில அண்ணாச்சி காரை விட்டாரு. அது ரிட்டயர்டு தாசில்தார் ஒருத்தரோட காலுக்கு நடுவுல புகுந்து போச்சு. அவரு துள்ளின துள்ளுல பஜ்ஜிக்கடை மாவுச்சட்டியில போய் உக்காந்துட்டாரு. அந்தப் பக்கம் ரோந்து வந்த ஏட்டு காரைத் தூக்கிட்டு வந்துட்டாரு.

சப்-இன்ஸ்பெக்டர் இசக்கியம்மாள் மேஜை மேல காரு இருந்தது. முழங்கை நீளம், ரத்தச் சிவப்பு.

"பாரும், ஜனங்க நடமாடுற இடத்துல இதை விட்டது தப்பு. வெறும் பொம்மைன்னா கண்டிச்சுக் குடுத்தனுப்பிருவேன். ரோட்டு வண்டி மாதிரி வேகம் போவும்னா, லைசென்ஸ் எங்க, நம்பர் பிளேட்டு எங்கன்னு கேப்பேன். கேஸு முடியுற வரைக்கும் வண்டி அந்தா, அங்கன கெடக்கும்."

ஜன்னலுக்கு வெளியே வேப்பமரத்தடியில பிடிபட்ட பைக்கெல்லாம் துருப்பிடிச்சுக் கெடந்தது. ஒரு ஸ்கூட்டர் சீட்டுல கோழி ஒண்ணு அடைகாத்துக்கிட்டு இருந்தது. அண்ணாச்சி அந்தக் கோழியை ஒரு தடவை பாத்தாரு.

"பொம்மைதாம்மா," ன்னாரு.

அதோட முடிஞ்சிருக்கணும். ஆனா செல்போனைத் தொலைச்சிட்டுப் புகார் குடுக்க வந்த ஒரு ஆளு பெஞ்சில சும்மா இருக்காம, "ஆமா மேடம், பொம்மைதான். எங்க வீட்டுலயும் ஒண்ணு கெடக்கு. கட்டிலுக்கு அடியில போச்சுன்னா விளக்குமாத்தை விட்டுத் தள்ளணும்," ன்னுட்டான்.

விளக்குமாறு! அண்ணாச்சிக்கு உச்சந்தலைக்கு ஏறிட்டு. கொம்பையா தொடையில கிள்ளினான். கிள்ளினது அவருக்கு உறைக்கவே இல்ல.

"எவன் வண்டியை எவன் வண்டியோட சேக்குதீரு? முந்தாநாள் பைபாஸ்ல திருச்செந்தூர் பஸ்ஸை முந்துச்சுவே இது! முந்தின வேகத்துல, நம்ம பஸ்ஸு பின்னால போவுது போலன்னு டிரைவர் பிரேக்கைப் போட்டுட்டாரு. உள்ள இருந்தவங்க, ஊருக்கே திரும்பி வந்துட்டோம்னு மூட்டை முடிச்சோட இறங்கிட்டாங்க."

"பைபாஸ்ல வேற விட்டீரா?" இசக்கியம்மாள் பேனா மூடியைத் திறந்தாங்க.

"பஸ்ஸு பஞ்சராகி நின்னுருக்கும்," ன்னான் பெஞ்சு ஆளு.

"பஞ்சரா? அல்வா கதையைக் கேளும். டவுன் கடைக்கு இந்தக் காரைத்தான் அனுப்பினேன். கடைக்காரரு சுடச்சுட அள்ளி மேல வச்சாரு. வீட்டுக்கு வந்து பாத்தா அல்வாவைக் காணோம். கோதுமை தனியா, சீனி தனியா, நெய் தனியா இருக்கு. கிண்டறதுக்கு முந்தியே வந்து சேந்துட்டு!"

"ஐயோ அத்தான்," ன்னு கொம்பையா முனங்கினான்.

"அதோட நிழல் இருக்கே, அது வரலை. நாங்க சாப்பிட்டுக் கை கழுவின பொறவுதான் மூச்சு வாங்கிக்கிட்டு வாசல்ல வந்து நின்னுச்சு."

"உள்ள கூப்பிட்டுத் தண்ணி குடுக்கலையாக்கும்?" ன்னான் பெஞ்சு ஆளு.

"குடுத்தோம். வெயில்ல வந்திருக்கே, கொஞ்சம் நிழல்ல உக்காருன்னு சொல்லலாம்னா, அதுவே நிழலு. என்ன செய்ய? நேத்து மட்டும் என்னவாம்? பட்டனை அமுக்கலாமா வேண்டாமான்னு நான் யோசிச்சுக்கிட்டுத்தான் நின்னேன். அதுக்குள்ள காரு ஊரைச் சுத்திட்டு வந்து என் முதுகுலயே முட்டுச்சு. அப்புறம்தான் பட்டனை அமுக்கினேன், ஒரு மரியாதைக்கு."

இசக்கியம்மாள் காரைக் கவுத்துப் பாத்தாங்க. டயர்ல மஞ்சளா ஒரு கறை. அதுல ஒரு விதை ஒட்டிக்கிட்டு இருந்தது.

"இது என்னவே?"

"எலுமிச்சம்பழம்மா. ஆயுத பூஜைக்கு நாலு சக்கரத்துலயும் வச்சு ஏத்தினோம்."

"பொட்டு மிக்ஸிக்கும் வைப்போம், தையல் மிஷினுக்கும் வைப்போம். எலுமிச்சம்பழம் வண்டிக்கு மட்டுந்தான். உம்ம வீட்டுலயே இது வண்டின்னு முடிவு பண்ணியாச்சே! ஏட்டையா, நேத்து நீரு பிடிச்ச இதைக் கொண்டு போயி மரத்தடியில போடும்."

அண்ணாச்சி ஜன்னல் பக்கம் திரும்பினாரு. அந்தக் கோழி தலையைத் தூக்கி அவரையே பாத்த மாதிரி இருந்தது.

ஏட்டு சங்கரபாண்டியன் உள்ள வந்தாரு. ரெண்டு முழங்காலுக்கும் உறை. சுவரைப் பிடிச்சுப் பிடிச்சு வந்து சேர ஒரு டீ குடிக்கிற நேரம் ஆச்சு. பெஞ்சு ஆளு அவரை மேலயும் கீழயும் பாத்தான்.

"ஏன் ஏட்டையா, பஸ்ஸை முந்தின காரை நீங்க எப்படிப் பிடிச்சிய?"

"நடந்து போயிதான். ஓட எங்க முடியுது?"

ஸ்டேஷனே சிரிச்சது. இசக்கியம்மாளும் பேனாவை மூடிட்டாங்க. "கேட்டீராவே? கடைசியாக் கேக்கேன். இது பொம்மைதானே? ஆமான்னு சொல்லும், தூக்கிட்டுப் போம்."

கொம்பையா கும்பிட்டான். அண்ணாச்சி வாயைத் திறந்தாரு. 'ஆமா' தொண்டை வரைக்கும் வந்துச்சு. பெஞ்சு ஆளோட இளிப்பு கண்ணுல பட்டுச்சு. அவ்வளவுதான்.

"நடையாம்மா அது? என் காரு உசிரைக் கையில பிடிச்சுக்கிட்டு ஓடுது. பின்னால ஏட்டையா நடக்காரு. அவரு போன காத்துல பூங்கா மரமெல்லாம் ஒரு பக்கமாச் சாஞ்சிட்டு. தாசில்தார் என் காரைப் பாத்தா துள்ளினாரு? ஏட்டையா போன வேகத்துலதாம்மா பறந்தாரு! நடையில இவரை அடிச்சுக்க இந்த ஜில்லாவுல ஆளே கெடையாது."

ஏட்டு சுவத்துலருந்து கையை எடுத்தாரு. மீசையைத் தடவினாரு. "நேத்து கொஞ்சம் வேகமாத்தாம்மா போயிட்டேன்," ன்னாரு.

இசக்கியம்மாள் காரைத் தூக்கிக் கொம்பையா கையில குடுத்தாங்க.

"பொம்மையை வீட்டுக்கு எடுத்துட்டுப் போங்க. ஏட்டையா, நீரு இப்படித் திரும்பி நில்லும். நம்பர் பிளேட்டை உமக்கு மாட்டுதேன்."