நூல்கண்டாகிப் போன சொக்கப்பன்

முன்னொரு காலத்தில், கூப்பிடாமலே மேகம் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துவிட்டுப் போகும் மலைநாடு ஒன்று இருந்தது. அங்கே எல்லோருக்கும் எப்போதும் குளிர். ராஜாவுக்கும் குளிர், ராஜாவின் குதிரைக்கும் குளிர். குளிராத வீடு ஒன்றே ஒன்றுதான் உண்டு. அது சொக்கப்பன் வீடு.

ஏன் குளிரவில்லை என்று கேட்கிறீர்களா? அந்த வீட்டில் அடுப்பு அணையாது, பின்னல் நிற்காது, பேச்சு ஓயாது. அவ்வளவுதான் ரகசியம்.

சொக்கப்பன் சமைப்பான். அவன் மனைவி அஞ்சுகம் கம்பளி பின்னுவாள். ஆம்பளை சமைக்கிறானா என்று யாராவது புருவத்தை உயர்த்தினால் உயர்த்திக்கொள்ளட்டும். அவன் வைத்த மொச்சைக் குழம்பை ஒரு வாய் சாப்பிட்டால் புருவம் தானாக இறங்கிவிடும். அஞ்சுகமோ பின்னல் ஊசிகளைக் கையில் எடுத்தால், ஊசி கண்ணுக்குத் தெரியாது, சட்டைதான் தெரியும். காலையில் நூலாக வந்தது சாயங்காலம் கம்பளிச் சட்டையாகப் போகும். ராஜாவின் குதிரைக்குக் காது உறை பின்னிக் கொடுத்ததும் அவள்தான்.

பொழுது சாய்ந்தால் நண்பர்கள் இருவர் வந்துவிடுவார்கள். ஒருவர் விறகு வெட்டும் கொம்பையன், சிரித்தால் ஓடு அதிரும். இன்னொருத்தி பால் ஊற்றும் செல்லாயி, வாயைத் திறந்தால் மூடமாட்டாள். நான்கு பேரும் அடுப்பைச் சுற்றி உட்கார்ந்து சாப்பிடுவார்கள். சண்டை போடுவார்கள், சமாதானம் ஆவார்கள், மறுநாளும் வருவார்கள்.

அந்த மலையின் உச்சியில் ஒரு கறுப்புக் கோட்டை. அதில் தூமகேது என்ற மந்திரவாதி. வயது முந்நூறு. ஆனால் பார்த்தால் தெரியாது. ஏழடி உயரம், சுருக்கம் விழாத முகம், நரைக்காத முடி. ஒருநாள் காற்றில் வந்த குழம்பு வாசனையைப் பிடித்துக்கொண்டே இறங்கி, சொக்கப்பன் வீட்டு வாசலில் குனிந்து உள்ளே வந்தான். யாரும் பயப்படவில்லை. நகர்ந்து இடம் கொடுத்தார்கள். மூன்று தட்டு சாப்பிட்டான்.

சாப்பிட்டு முடித்ததும் சொன்னான், "சமையல்காரா, நாளையிலிருந்து நீ என் கோட்டையில் சமைக்கிறாய்."

"இங்க வந்து சாப்பிடுங்க ஐயா," என்றான் சொக்கப்பன். "தினமும் வாங்க. நான் அங்க வர முடியாது."

"பொன்னில் அடுப்பு கட்டித் தருகிறேன்."

"மண்ணடுப்புதான் எனக்குக் கைக்குப் பழக்கம். வர முடியாதுங்க."

"உன் சொல்லுக்கு ஓடிவர நூறு பூதங்களைத் தருகிறேன்."

"பூதம் குழம்புல குறை சொல்லுமாங்க? சொல்லாதில்ல? இவங்க மூணு பேரும் சொல்லுவாங்க. அதனாலதான் குழம்பு இப்படி இருக்கு. வர முடியாதுங்க."

மூன்று முறை கேட்டாகிவிட்டது. நான்காம் முறை கேட்கும் வழக்கம் மந்திரவாதிகளுக்குக் கிடையாது. தூமகேது கையைத் தட்டினான். சொக்கப்பன் நின்ற இடத்திலேயே பம்பரமாகச் சுழன்றான். சுழலச் சுழல மெலிந்தான், மெலிந்து மெலிந்து நூலானான். கடைசியில் பழுப்பு நிறத்தில் ஒரு நூல்கண்டு தரையில் உருண்டு வந்து அஞ்சுகத்தின் மடியில் முட்டி நின்றது.

"நீதான் பெரிய பின்னல்காரியாமே," என்றான் தூமகேது. "பின்னு. மூன்று சாயங்காலம் வந்து பார்ப்பேன். நூல் குறையவும் கூடாது, மிஞ்சவும் கூடாது. சரியாக முடிந்தால் உன் கணவன் எழுந்து வருவான். மூன்றாம் நாளும் தப்பினால் அவன் எனக்கு. கோட்டை வாசலில் கால்மிதியாகப் போட்டுக்கொள்வேன்."

சொல்லிவிட்டுப் போனான். செல்லாயி ஓவென்று அழுதாள்.

அஞ்சுகம் அதைக் கையில் எடுத்தாள். நூல்கண்டு இன்னும் அவன் உடம்புச் சூட்டோடு இருந்தது. அவள் ஊசிகளை எடுத்துத் துடைத்தாள். "அழுவாத செல்லாயி, நூல் நனைஞ்சிரும். ஏழு கிராமத்துக்குப் பின்னியிருக்கேன். எம் புருஷனைப் பின்ன மாட்டேனா?"

முதல் நாள் விடிந்தது. அஞ்சுகம் உட்கார்ந்தாள். பாதத்தில் தொடங்கி, முழங்காலைத் தாண்டி, இடுப்பில் ஏறும் நேரம் கொம்பையன் தொண்டையைச் செருமினார்.

"தங்கச்சி, எப்படியும் புதுசாத்தான பின்னுற? ஒரு நாலு விரல் உசரம் கூட்டிவிடேன். பரண்ல இருக்குற பானைய எடுக்க ஒவ்வொரு தடவையும் என்னத்தான் கூப்பிடுறான்."

அஞ்சுகம் யோசித்தாள். நியாயமாகத்தான் பட்டது. இடுப்புக்கு மேலே நாலு விரல் கூட்டிப் பின்னினாள். மார்பு வந்தது, தோள் வந்தது, கழுத்து வந்தது. மூக்கு நுனி வந்ததும் நூல் தீர்ந்துவிட்டது.

தூமகேது எட்டிப் பார்த்தான். "மூக்குக்கு மேலே ஆளையே காணோமே. அளவு தப்பு." சிரித்துக்கொண்டே போனான்.

அஞ்சுகம் நூல் முனையைப் பிடித்து இழுத்தாள். பகல் முழுக்கப் பின்னிய கணவன் நான்கு நிமிஷத்தில் பிரிந்து மறுபடி நூல்கண்டானான்.

இரண்டாம் நாள் விடிந்தது. பாதத்தில் தொடங்கி, முழங்காலைத் தாண்டி, இடுப்பில் ஏறும் நேரம் செல்லாயி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"அக்கா, உசரத்தை மாத்தாத. வயித்தைக் கொஞ்சம் குறை. கல்யாணத்துல போட்ட சட்டைய அந்த மனுஷன் திரும்பப் போட்டதே இல்லையே. அப்புறம் அந்த மூக்கு. துவாரத்தைக் கொஞ்சம் சின்னதாப் பின்னினா குறட்டை வராதில்ல?"

குறட்டை என்ற சொல்லைக் கேட்டதும் அஞ்சுகத்தின் கை ஒரு கணம் நின்றது. பதின்மூன்று வருஷக் குறட்டை. கேட்டவர்களுக்குத்தான் தெரியும். வயிற்றைக் குறைத்தாள், மூக்கைச் சிறிதாக்கினாள். அந்த வேகத்தில் காதையும் கொஞ்சம் ஒழுங்குபடுத்தினாள். பொழுது சாயும்போது பின்னல் முடிந்தது. பார்க்க ராஜகுமாரன் போல இருந்தான். பக்கத்தில் தேங்காய் அளவு நூல் மிஞ்சிக் கிடந்தது.

"அளவு தப்பு," என்றான் தூமகேது. ஆனால் இந்த முறை அவன் சிரிக்கவில்லை, குரலைத் தாழ்த்தினான். "பெண்ணே, இவன் அழகாகத்தானே இருக்கிறான்? மிச்ச நூலை மட்டும் என்னிடம் கொடு. இவனுக்கு உயிர் கொடுக்கிறேன். குறட்டை விடமாட்டான், எதிர்த்துப் பேசமாட்டான், கிழவனாகவும் மாட்டான். நாளைக்கு நீ தோற்றால் இதுவும் கிடைக்காது."

செல்லாயி நகத்தைக் கடித்தாள். அஞ்சுகம் அந்த அழகான முகத்தை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தாள்.

"இவரு யாருன்னே எனக்குத் தெரியலீங்க ஐயா," என்று சொல்லிவிட்டு நூலை இழுத்தாள்.

மூன்றாம் நாள் விடிந்தது. அஞ்சுகம் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

"ரெண்டு நாளா நமக்கு வேணுங்குற ஆளைப் பின்னினேன். அதான் நூல் கணக்குக்கு வரல. இன்னைக்கு அவரைப் பின்னப் போறேன். இருக்குறது இருக்குறபடி. கொம்பையண்ணே, நீங்க அடுப்புல பருப்பு வைங்க, எனக்குப் பசிக்குது. வச்சுக்கிட்டே அவரு உடம்பைப் பத்தி உங்களுக்கு என்ன தெரியுமோ சொல்லுங்க."

கொம்பையன் பருப்பைக் கழுவினார். கழுவியதையே மறுபடி கழுவினார். பிறகு மெதுவாகச் சொன்னார், "வலது தோள் ஒரு விரல் இறக்கம், தங்கச்சி. மரம் விழுந்து என் கால் முறிஞ்சுதே, அன்னைக்கு மலை மேல இருந்து என்னை அந்தத் தோள்லதான் சுமந்துக்கிட்டு வந்தான். அதுக்கப்புறம் அது நிமிரவே இல்ல."

அஞ்சுகம் வலது தோளை ஒரு விரல் இறக்கினாள்.

"இடது உள்ளங்கையில தீக்காயம் இருக்கு அக்கா," என்றாள் செல்லாயி. "என் பால் பொங்கிக் கொட்டப் போச்சு. துணி எடுக்கக்கூட நேரமில்லாம வெறுங்கையால பாத்திரத்த இறக்கிட்டாரு. நான் ஒரு வார்த்தை நன்றி சொல்லல. ஏன் மெதுவா இறக்கலன்னு சண்டை போட்டேன்."

அஞ்சுகம் இடது உள்ளங்கையில் நூலைச் சுருக்கிப் பின்னினாள். வயிற்றைத் தாராளமாக விட்டாள். மூக்கை அகலமாக விட்டாள். குறட்டை வந்தால் வரட்டும். காது இரண்டும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை, போகாமலே பின்னினாள். பதின்மூன்று குளிர்காலம் அவனுக்குச் சட்டை பின்னிய கை. அளக்காமலே அதற்கு அளவு தெரிந்திருந்தது. நெற்றி முடிந்தது, உச்சந்தலை முடிந்தது.

ஒரு சாண் நூல் மிச்சம் இருந்தது.

சூரியன் மலை விளிம்பைத் தொட்டுவிட்டது. வாசலில் தூமகேதுவின் நிழல் விழுந்தது. கொம்பையன் கரண்டியோடு ஓடிவந்தார். செல்லாயி பின்னிய கைவிரல்களை எண்ணினாள், பத்தும் இருந்தன. எதை விட்டோம்? எதை விட்டோம்?

அஞ்சுகம் கண்ணை மூடிக்கொண்டு கணவன் முகத்தைத் தடவினாள். நெற்றிக்கு வந்ததும் கை நின்றது. இரண்டு புருவத்துக்கும் நடுவில் வழவழவென்று இருந்தது. அவனுக்கு அங்கே வழவழவென்று இருக்காது.

மூன்று வருஷத்துக்கு முன்பு அவளுக்குக் குளிர்காய்ச்சல் கண்டது. பதினோரு நாள் அவன் அடுப்பைக்கூடப் பார்க்காமல் அவள் தலைமாட்டிலேயே உட்கார்ந்திருந்தான். பன்னிரண்டாம் நாள் அவள் கண் திறந்தபோது அவன் புருவங்களுக்கு நடுவே ஆழமாக ஒரு கோடு விழுந்திருந்தது. தன்னால் வந்த கோடு என்பதால் அதைப் பார்க்கவே அவளுக்கு மனசு வராது. அன்றிலிருந்து அவன் முகத்தைப் பார்க்கும்போதெல்லாம் அந்த ஒரு இடத்தைத் தாண்டியே பார்த்துப் பழகியிருந்தாள்.

அஞ்சுகம் ஊசியை எடுத்தாள். அந்த நெற்றிக் கோட்டை, எவ்வளவு ஆழமோ அவ்வளவு ஆழமாக, ஒளிக்காமல் பின்னினாள். கடைசிக் கண்ணியை இழுத்து முடிந்தபோது கையில் நூல் இல்லை. சூரியனும் இல்லை.

பழுப்புக் கம்பளி மெல்ல நிறம் மாறியது. மார்பு ஏறி இறங்கியது. சொக்கப்பன் ஒரு தும்மல் போட்டு எழுந்து உட்கார்ந்து, காற்றை மோந்து பார்த்தான்.

"யாரு பருப்பு வச்சது? அடிப்பிடிக்குது பாரு," என்று சொல்லிக்கொண்டே அடுப்படிக்கு ஓடினான்.

மூன்று நாளும் அழாத அஞ்சுகம் அப்போதுதான் அழுதாள். அடுப்படியில் அவன் கொம்பையனைத் திட்டும் சத்தம் கேட்கக் கேட்க, சந்தோஷம் தாங்காமல் அழுதாள்.

எல்லோரும் தூமகேதுவை மறந்தே போனார்கள். அவன் போகவில்லை. வாசலிலேயே நின்றுகொண்டிருந்தான். இடி இடிக்கப் போகிறானா, நெருப்பு கக்கப் போகிறானா என்று நீங்கள் பயப்பட வேண்டாம். அவன் முகம் வேறு மாதிரி ஆகியிருந்தது.

"என்னை யாராவது நூலாக்கிவிட்டால்," என்று கேட்டான், "யார் பின்னுவார்கள்?"

"உங்க அளவு யாருக்குங்க தெரியும்?" என்றாள் செல்லாயி.

"எனக்கே தெரியாது," என்றான் தூமகேது. "உயரத்தை மந்திரத்தால் கூட்டினேன். சுருக்கத்தை எடுத்தேன். ஒவ்வொன்றாக மாற்றி மாற்றி, முதலில் எப்படி இருந்தேன் என்பதே மறந்துவிட்டது. பார்த்து வைத்திருந்தவர்களும் யாரும் இல்லை."

அஞ்சுகம் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். சுவரில் தொங்கிய அளவுக் கயிற்றை எடுத்தாள். தன் கணவனைக் கால்மிதியாக்கப் பார்த்தவன்தான். அதை அவள் மறக்கவில்லை. ஆனால் அளவு தெரியாமல் ஒரு ஆள் வாசலில் நிற்பதை அவளால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது.

"இப்படி வெளிச்சத்துக்கு வாங்க ஐயா. கையைத் தூக்குங்க."

இருப்பதை இருப்பபடி அளக்கும் கயிறு தோளில் பட்டதும் மந்திரம் உடைந்தது. மலை உச்சியில் கறுப்புக் கோட்டை புகையாகப் போய் மேகத்தோடு கலந்தது. ஏழடி இறங்கி இறங்கி ஐந்தடிக்கும் கீழே வந்தது. முடி கொட்டியது. முந்நூறு வருஷச் சுருக்கமும் ஒன்றாக வந்து முகத்தில் உட்கார்ந்தது. வழுக்கைத் தலையும் தொந்தியும் வளைந்த காலுமாகக் குட்டை மனிதர் ஒருவர் அங்கே நின்றார். தன் கையைத் தானே பார்த்து, வெட்கத்தில் முகத்தை மூடிக்கொள்ளப் போனார்.

"கையை இறக்காதீங்க," என்றாள் அஞ்சுகம். கயிற்றை அவர் மார்பைச் சுற்றிக் கொண்டுவந்து, அளவு வந்த இடத்தில் ஒரு முடிச்சுப் போட்டாள். "உங்க சட்டைக்கு நூல் கம்மியாத்தான் ஆகும். நாளைக்குச் சாயங்காலம் வந்து போட்டுப் பாருங்க."