மான் கால் சதையைத் தூக்கிச் செருகியது

அந்தக் காலத்தில் மிருகங்கள் மனுஷரோடு பேசிக்கொண்டிருந்தன. சாமி எல்லாருக்கும் ஒரே மாதிரி கால்தான் கொடுத்திருந்தார். தொடையிலிருந்து பாதம் வரை தூண் போல ஒரே பருமன். யானைக்கும் அப்படி, மானுக்கும் முயலுக்கும் அப்படி, கொக்குக்குக்கூட அப்படித்தான்.

ஒரு நாள் மான்குட்டி ஒன்று தண்ணீர் குடிக்கப் போய் ஏரிச் சேற்றில் புதைந்துவிட்டது. மலையில் நல்ல மழை. ஏரியில் தண்ணீர் ஏறிக்கொண்டே வந்தது. தாய் மான் இறங்கிப் பார்த்தது. பருத்த கால் சிக்கிக்கொள்ள, தட்டுத்தடுமாறிக் கரையேறியது. யானை ஓர் அடி வைத்துப் பார்த்துப் பின்வாங்கியது.

"அம்மா, தண்ணி கழுத்துக்கு வந்துருச்சு!" என்று கத்தியது குட்டி.

"சாமி, என் பிள்ளையக் காப்பாத்து!" என்று அழுதது தாய்.

பக்கத்து வயலில் நடவு நட்டுக்கொண்டிருந்த செங்கமலம் சத்தம் கேட்டு வந்தாள்.

"நான் வயித்துப்பிள்ளக்காரி, அந்த ஆழத்துல என்னால இறங்க முடியாது தாயி. ஆனா சேத்துல இறங்குறவ இப்படியா இறங்குவா? நாங்க சேலையத் தூக்கிச் செருகிட்டுத்தான் இறங்குவோம்."

"எனக்கு ஏதுக்கா சேலை? இருக்கறது சதைதான்."

"அப்ப அதத் தூக்கிச் செருகு!"

சாமியை வேண்டிக்கொண்டு, மானின் கணுக்காலைப் பிடித்து மேலே உருவினாள். சதை சுருண்டு ஏறித் தொடையில் பந்தாக உட்கார்ந்தது.

"வலிக்குதா?"

"வலிக்கட்டும்க்கா, உருவு!"

நான்கு காலும் கீழே குச்சியானதும் மான் பாய்ந்து இறங்கியது. கால் சேற்றில் குத்தியது, குத்திய வேகத்தில் வெளியே வந்தது. குட்டியின் பிடரியைக் கவ்வி, தொடையில் சேர்ந்திருந்த பலத்தையெல்லாம் கூட்டி ஓர் உந்து உந்தியது. இரண்டும் கரையில் வந்து விழுந்தன.

செங்கமலம் அப்படியே தரையில் உட்கார்ந்து முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "சாமி கண்ணத் தொறந்துட்டாரு." பிறகு குட்டியின் காலையும் உருவிவிட்டாள்.

பார்த்துக்கொண்டிருந்த முயல் ஓடிவந்தது. "எனக்கும்க்கா! முன்னங்கால் சதையையும் பின்னாடியே தள்ளிவிடு."

கொக்கு விடுமா? "எனக்கு இன்னும் மேல, இன்னும் மேல" என்றது. சதை இறகுக்குள்ளேயே போய் ஒளிந்துகொண்டது.

"கொக்கே, கால வீட்டுல வச்சுட்டு வந்தியா?" என்று யானை சிரித்தது. "எனக்கு வேண்டாம் தாயி. இந்த உடம்பத் தூக்க அடி வரைக்கும் சதை வேணும்."

அன்று முதல்தான் யானைக்குத் தூண் கால், கொக்குக்குக் குச்சிக் கால், முயலுக்குப் பின்னங்காலில் பலம். மானுக்குச் சதையெல்லாம் தொடையில். இன்றைக்கும், ஈன்ற குட்டி அந்த மெல்லிய காலை ஊன்றி எழுந்து நிற்பதைப் பார்த்த பிறகுதான் தாய் மான் புல்லில் வாய் வைக்கும்.