பாறைச் சிப்பியின் பசை

தீவு மடத்துக்கு வந்து சேரும்போதே சிற்றம்பலத்துக்குத் தாடி நரைத்திருந்தது. அதற்கு முன் அவர் ஏறி இறங்காத மடமில்லை. ஆனால் எங்கேயும் தீட்சை வாங்கியதில்லை. "மனசு முதல்ல உறுதிப்படட்டும்" என்பார். அது உறுதிப்படுவதற்குள் மூட்டையைக் கட்டிவிடுவார்.

இந்த மடத்தின் குரு பவளநாச்சி அவரைவிட மிகவும் இளையவள். அவள் அவரை ஐயா என்பாள். அவர் அவளைத் தாயே என்பார்.

மழைக்காலம் ஓய்ந்ததும் அவர் வந்து நின்றார். "இந்த இடமும் சரிப்படல தாயே. கிளம்புறேன்."

"போங்க ஐயா. ஆனா மடத்துப் படகு விரிசல் விட்டுக் கிடக்கே. அடைச்சுட்டுப் போங்க."

"எதை வச்சு அடைக்கிறது?"

"அலை அந்த அடி அடிச்சும் பாறைச் சிப்பி விழுதா? அதுகிட்ட ஒரு பசை இருக்கு."

சிற்றம்பலம் கூடை கூடையாகச் சிப்பி பெயர்த்தார். பிளந்து, இடித்து, சட்டியில் காய்ச்சினார். மடமே நாறியது. அகப்பை செங்குத்தாக நிற்கும்வரை கிண்டி, விரிசலில் அப்பி, படகைத் தள்ளினார். கரை தாண்டுவதற்குள் அப்பியதெல்லாம் கழன்று தனியே மிதந்தது. அவருக்கு அழுகையே வந்துவிட்டது. போகவும் வழியில்லை, இருக்கவும் மனமில்லை.

பவளநாச்சி ஒரு தொட்டியில் கடல்நீர் மொண்டு, ஒரு கல்லையும் உயிருள்ள சிப்பி ஒன்றையும் போட்டாள். இருவரும் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். வெயில் தண்ணீருக்குள் இறங்கி அசைந்துகொண்டிருந்தது. நேரம் போனதே தெரியவில்லை.

சிப்பி மெல்ல வாய் திறந்து, நாக்கு மாதிரி ஒரு காலை நீட்டியது. கல்லைத் தடவியது. விலகிப் போய் மறுபடி தடவியது. பிறகு ஓரிடத்தில் அப்படியே நின்றது. கால் உள்ளே போனபோது அங்கே மெல்லிய நூலொன்று தங்கியிருந்தது. சிற்றம்பலம் விரலால் இழுத்துப் பார்த்தார். நூல் விடவில்லை.

அந்நேரம் மீன்காரர் வள்ளம் ஒன்று கரை ஒதுங்கியது. "அக்கரைக்கு யாராச்சும் வர்றீங்களா?" என்று குரல் கேட்டது.

பவளநாச்சி அவரைப் பார்த்தாள். அவர் எழுந்திருக்கவில்லை.

"அத்தனை சிப்பியைப் பிளந்தேனே தாயே. உள்ளே உறுதியா எதுவுமே இல்லையே."

"உள்ளே இருக்கிற வரைக்கும் அது வெறும் நீர்தான் ஐயா. கல்லுல விட்ட பிறகுதான் இறுகும்."

"முன்னாடியே இறுகிட்டா?"

"எந்தக் கல்லும் அதுக்குச் சரிப்படாது."