சொந்தமாகக் கட்டியது

கோயமுத்தூர் கணபதியில், தகரக் கூரை போட்ட பட்டறை ஒன்றில் ஒரு குரு இருந்தார். பெயர் பிலோமினா. வயது முப்பத்தெட்டு. பஸ் பாடி கட்டும் கூடத்தில் பதினாறு வயதில் வெல்டிங் பிடித்தவர். இங்கே ஓடிக் களைத்த கார்களை உடைத்து, எழுபது வருடத்துக்கு முன்னால் எங்கோ ஐரோப்பாவில் ஓடிய பந்தயக் கார்களைப் போல மறுபடி உருவாக்குவது அவர் தொழில். தனியார் பந்தயத் தடங்களில் ஓட்டுவதற்கு ஆட்கள் வாங்கிப்போனார்கள். எல்லோரும் அவரை மாஸ்டர் என்று கூப்பிட்டார்கள்.

சீடருக்கு வயது அறுபத்தொன்று. பெயர் வரதராசு. முப்பத்திரண்டு வருடம் மோட்டார் வாகன ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவர். ஒன்பது வயதில் அப்பாவின் தோளில் உட்கார்ந்து ஒரு பந்தயத்தைப் பார்த்தார். கூரை இல்லாத, தரையோடு படுத்தது போன்ற ஒரு பச்சைக் கார் அவரைத் தாண்டிப் போனது. அதன் பிறகு அவர் ஆயிரக்கணக்கான வண்டிகளைப் பார்த்துவிட்டார். அந்த ஒன்றுதான் கனவில் வந்தது. அதே போல ஒன்றைத் தன் கையால் கட்டக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று வந்து நின்றார்.

மாஸ்டர் அவரை ஒரு நிமிடம் பார்த்தார். பிறகு, எந்த வண்டியை உடைக்கப் போகிறோம் என்று கேட்டார்.

பழைய இரும்புக் கடையில் ஏதாவது தேடலாம் என்றார் வரதராசு.

மாஸ்டர் வாசலைக் காட்டினார். அங்கே வரதராசு ஓட்டி வந்த வெள்ளைக் கார் நின்றது. பத்தொன்பது வருடமாக அவர் வீட்டில் இருக்கும் வண்டி.

"அது நல்லா ஓடற வண்டி, மாஸ்டர்."

"ஓடாத வண்டியோட எஞ்சினை வச்சு ஓடற வண்டி கட்ட முடியுங்களா, சார்?"

வரதராசு வீட்டுக்குப் போய் மனைவி சௌந்தரத்திடம் சொன்னார். மகளைப் பள்ளிக்கும் கல்லூரிக்கும் கூட்டிப்போன வண்டி அது. பேரனை ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டுவந்த வண்டி. சௌந்தரம் மூன்று நாள் பேசவில்லை. நாலாம் நாள் முன்கண்ணாடியில் தொங்கிய பிள்ளையாரை மட்டும் கழற்றி எடுத்துக்கொண்டு, போய்த் தொலையுங்கள் என்றாள்.

பட்டறையில் மாஸ்டர் அறுக்கும் மிஷினை அவர் கையில் கொடுத்தார். கூரையை அறுக்கச் சொன்னார். வரதராசு சாக்பீஸால் கோடு போட்டார். அழித்தார். மறுபடி போட்டார். மத்தியானம் வரை கோடுதான் போட்டுக்கொண்டிருந்தார்.

"நல்ல வண்டியை அழிச்சு ஒரு போலி வண்டி செய்யறமோன்னு இருக்குதுங்க, மாஸ்டர்."

மாஸ்டர் அவர் கையிலிருந்த சாக்பீஸை வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு சாப்பிடப் போனார். திரும்பி வந்தபோது கூரை தரையில் கிடந்தது. வரதராசு அதன் பக்கத்தில் கண்ணைத் துடைத்தபடி உட்கார்ந்திருந்தார். இரும்புத் தூள் பறந்துவிட்டது என்றார். மாஸ்டர் அதை நம்பியது போலத் தலையாட்டினார்.

எஞ்சின், கியர்ப் பெட்டி, ஸ்டீரிங், சக்கரத்தைத் தாங்கும் அச்சுகள். இவ்வளவுதான் பழைய வண்டியிலிருந்து வந்தன. மற்றதையெல்லாம் கட்ட வேண்டும். இரும்புக் குழாய்களை வளைத்து, சேர்த்து, அடிச்சட்டம் எழுப்பினார்கள். மணல் மூட்டை மேல் அலுமினியத் தகட்டை வைத்து, கொட்டாப்புளி என்ற மரச்சுத்தியலால் அடித்து அடித்து உடம்பை உருவாக்கினார்கள். வரதராசுவின் கை கொப்பளித்தது, காய்த்தது. எட்டு மாதம் போனது.

முன் சக்கரத்தின் மேல் வளைவு இரண்டையும் அவர்தான் அடித்தார். வலது நன்றாக வந்தது. இடது ஒரு விரல்கடை இறங்கியிருந்தது. ஒருநாள் மாஸ்டர் வெளியே போயிருந்தபோது அதன் மேல் பட்டி பூசி, தேய்த்து, சமமாக்கிவிட்டார். மாஸ்டர் வந்து அதைத் தடவிப் பார்த்தார். தகடு எங்கே முடிகிறது, பூச்சு எங்கே தொடங்குகிறது என்று அந்த விரலுக்குத் தெரிந்தது. இரும்புப் பட்டையை எடுத்து எல்லாவற்றையும் சுரண்டிக் கீழே தள்ளினார்.

"கோணலாத் தெரியுமே, மாஸ்டர்."

"தெரியட்டும்."

"பார்க்கறவங்க சிரிப்பாங்க."

"கோணல் இருக்கலாம் சார். மூடக்கூடாது."

வரதராசு ஆறு நாள் செலவழித்து இடது வளைவைப் புதிதாக அடித்தார். அது அரை விரல்கடை இறங்கியிருந்தது. அப்படியே பொருத்தினார்கள்.

பச்சை வண்ணம் அடித்த வாரத்தில், பழைய கார்ச் சங்கம் ஒன்றின் உறுப்பினர் பட்டறைக்கு வந்தார். பெயர் சாம்ராஜ். காரைச் சுற்றி இரண்டு முறை நடந்தார். உட்கார்ந்து பார்த்தார். போகும்போது வரதராசுவைத் தனியே அழைத்துப்போய், தாளில் சுற்றிய ஒரு சிறிய பித்தளைத் தகட்டைக் கையில் வைத்தார். எப்போதோ எரிந்துபோன ஓர் அசல் வண்டியின் தகடு. எண்ணும், வருடமும், தயாரித்த ஊரும் அதில் இருந்தன. இதைப் பொருத்திவிட்டால் மற்ற காகிதங்களைத் தான் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். பழமையான வண்டி என்று பதிவாகும். சாலையில் ஓட்டலாம். சங்கத்தின் அணிவகுப்பில் முதல் வரிசையில் நிற்கலாம்.

தகடு மாற்றுகிறவர்களைப் பிடிப்பதுதான் வரதராசு முப்பத்திரண்டு வருடம் செய்த வேலை. அவருக்கு அது தெரியாமல் இல்லை. ஆனால் பச்சை நிறத்தில் அந்தக் கார் எதிரே நின்றது. அதில் சௌந்தரத்தை உட்கார வைத்து ஒரு முறையாவது அவினாசி ரோட்டில் போக வேண்டும் என்று இருந்தது. தகட்டை மாஸ்டரிடம் கொண்டுபோனார்.

"எல்லா அளவும் அதே அளவு. வளைவும் அதே வளைவு. இந்தத் தகடு ஒண்ணுதானே இல்லை. வச்சா என்னங்க, மாஸ்டர்?"

மாஸ்டர் தகட்டை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"பன்னெண்டு வருஷத்துக்கு முன்னாடி நான் மொத வண்டி கட்டினேன். ஓடிக் களைச்ச ஒரு வேனை உடைச்சு, ரெண்டு பேர் உட்கார்ற மாதிரி. அம்மாவை அதுல வச்சு வேளாங்கண்ணி கூட்டிட்டுப் போகணும்னு ஆசை. அப்ப எனக்கும் ஒருத்தர் தகடு கொண்டுவந்து கொடுத்தார். வேண்டாம்னுட்டேன். நேரா ஆபீசுக்கு ஓட்டிட்டுப் போயி, நானே கட்டினேன், பாருங்கன்னு சொன்னேன்."

"பாத்தாங்களா?"

"கதவைக்கூடத் திறந்து பார்க்கலைங்க. ஆகாதுன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டு, வண்டியைப் பிடிச்சு வச்சுட்டு அடுத்த வண்டிக்குப் போயிட்டாங்க. ஆபீசுக்குப் பின்னாடி ரெண்டு மழைக்காலம் நின்னுது. அப்புறம் இரும்புக்குப் போயிருச்சு."

வரதராசு, யார் அந்த ஆய்வாளர் என்று கேட்டார். கேட்கும்போதே, அது தான்தான் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது.

"இன்னைக்கு இந்தத் தகட்டை வச்சா," என்றார் மாஸ்டர், "அன்னைக்கு நீங்க பண்ணது சரின்னு ஆயிரும். பொய் சொன்னா விடுவோம், நெசம் சொன்னா உடைப்போம்னு. நீங்க வச்சுக்குங்க சார், உங்க வண்டி. ஆனா அதை என் பட்டறைல வச்சு முடுக்காதீங்க."

வரதராசு போய்விட்டார். ஒன்பது நாள் வரவில்லை.

வெள்ளைக் காரைத்தான் உடைத்தாயிற்றே. பஸ் ஏறித்தான், பன்னிரண்டு வருடத்துக்கு முன்பு தான் வேலை பார்த்த ஊருக்குப் போனார். பழைய ஆட்கள் யாரும் இல்லை. ஆனாலும் மரியாதைக்கு ஒரு அறையைத் திறந்துவிட்டார்கள். தூசியில் இரண்டு நாள் தேடிப் பதிவேட்டைக் கண்டுபிடித்தார். அவருடைய கையெழுத்துதான். ஒரே வரி. 'சொந்தமாகக் கட்டியது. தகுதியற்றது.' என்ன எஞ்சின், என்ன பிரேக், எதையும் எழுதவில்லை. அன்று அவர் அறுபது வண்டி பார்த்திருந்தார். அன்று வந்து நின்ற மாஸ்டரின் முகம் எவ்வளவு யோசித்தும் ஞாபகம் வரவில்லை. அதுதான் அவரைத் தின்றது.

பத்தாம் நாள் காலை பட்டறைக்கு வந்து நின்றார். படித்ததைச் சொன்னார். மன்னித்துவிடுங்கள் என்றார்.

"பிரேக் டியூப் இன்னும் மாட்டலைங்க," என்றார் மாஸ்டர். "கையைக் கழுவிட்டு வாங்க."

பித்தளைத் தகட்டைச் சாம்ராஜிடம் திருப்பிக் கொடுத்துவிட்டதாக வரதராசு சொன்னார். பிறகு இரும்பில் எழுத்துப் பொறிக்கும் அச்சுகளைக் கேட்டு வாங்கினார். அடிச்சட்டத்தின் வலது குழாயில், பானெட்டைத் திறந்தால் முதலில் கண்ணில் படும் இடத்தில், ஒவ்வொரு எழுத்தாக அடித்தார். ஊர் கணபதி. கட்டியவர்கள் பிலோமினா, வரதராசு. பழைய வெள்ளைக் காரின் எண். இந்த வருடம். எழுத்துகள் ஒன்றுக்கொன்று ஏறி இறங்கியிருந்தன.

மறுவாரம் லாரியில் ஏற்றி, தான் கடைசியாக வேலை பார்த்த அலுவலகத்துக்குக் கொண்டுபோனார். மாஸ்டரும் கூடப் போனார். அங்கே இப்போது ஆய்வாளராக இருந்தவர் தங்கவேலன். வரதராசுவிடம் தொழில் படித்தவர். எழுந்து நின்று வரவேற்று, நாற்காலி போட்டு, டீ சொன்னார். விண்ணப்பத்தைப் படித்ததும் முகம் மாறியது. குரலைத் தாழ்த்தினார்.

"சார், பழைய வண்டியைப் பழுது பார்த்ததுன்னு எழுதுங்க. உங்களுக்காகக் கண்ணை மூடிக்கிறேன். இப்படி எழுதினா நான் விட முடியாது. நீங்கதானே சொல்லிக்கொடுத்தீங்க."

"தப்பாச் சொல்லிக்கொடுத்துட்டேன், தங்கவேலா. நீ கண்ணை மூட வேண்டாம். திற. இறங்கி வந்து வண்டியைப் பாரு."

தங்கவேலன் தயங்கினார். பிறகு இறங்கி வந்தார். வரதராசு பானெட்டைத் திறந்து பொறித்த எழுத்தைக் காட்டினார். படுத்து அடியில் பார்க்கச் சொன்னார். பிரேக்கை மிதிக்கச் சொன்னார். ஒரு மணி நேரம் ஆயிற்று. தங்கவேலன் சட்டையெல்லாம் அழுக்கோடு எழுந்தார். வெல்டிங் இவ்வளவு சுத்தமாகத் தான் பார்த்ததில்லை என்றார். ஆனாலும் சட்டத்தில் வழி இல்லை என்றார்.

"சரி. மறுக்கிறதுன்னா மறு. ஆனா பார்த்ததையெல்லாம் எழுதி மறு. ஒரு வரில முடிக்காதே."

தங்கவேலன் ஒன்றரைப் பக்கம் எழுதினார். அடிச்சட்டமும், பிரேக்கும், ஸ்டீரிங்கும் குறையில்லை என்று எழுதினார். கட்டியவர்கள் பெயரை எழுதினார். கடைசியில், அனுமதிக்க இயலாது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். வரதராசு அந்தக் காகிதத்தை வாங்கி மாஸ்டரிடம் நீட்டினார். மாஸ்டர் அதை முதலிலிருந்து கடைசி வரை நின்றுகொண்டே படித்தார். மடித்துத் தன் கைப்பையில் வைத்துக்கொண்டார்.

மேல்முறையீடு செய்யப்போவதாக வரதராசு சொன்னார். எங்கே போக வேண்டும், எந்தப் பிரிவில் எழுத வேண்டும் எல்லாம் அவருக்குத் தெரியும். இத்தனை நாள் மறுப்பதற்காகப் படித்த சட்டம் அது.

அதற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை, ஊருக்கு வெளியே ஒரு தனியார் பந்தயத் தடத்தில் பழைய கார்ச் சங்கத்தின் ஓட்டம் இருந்தது. காசு கட்டினால் யாரும் ஓட்டலாம். பச்சைக் காரை லாரியில் கொண்டுபோய் இறக்கினார்கள். சௌந்தரமும் வந்திருந்தாள். பளபளப்பான அசல் வண்டிகள் நிழலில் வரிசையாக நின்றன. சாம்ராஜும் சில நண்பர்களும் அருகே வந்தார்கள். இது அசலா என்று ஒருவர், பதில் தெரிந்தே, கேட்டார்.

"இல்லைங்க," என்றார் வரதராசு, எல்லோருக்கும் கேட்கும்படி. "நாங்க கட்டினது. பானெட்டைத் திறக்கட்டுங்களா?"

அவர்கள் சிரித்தார்கள். வரதராசு பானெட்டைத் திறந்தே வைத்தார். ஒருவர் குனிந்து படித்தார். பிறகு இன்னொருவர். சிரிப்பு மெல்ல நின்றது. யாரும் பாராட்டவில்லை. அவரும் எதிர்பார்க்கவில்லை.

முதலில் சௌந்தரத்தை ஏற்றிக்கொண்டு இரண்டு சுற்று மெதுவாக வந்தார். அவள் முந்தானையைத் தலையோடு இறுக்கிப் பிடித்துக்கொண்டு, இறங்கும்போது, இதற்கு ஒரு கூரை போட்டிருக்கலாம் என்றாள். பிறகு அவர் தனியாக எட்டுச் சுற்று ஓட்டினார். மூன்று அசல் வண்டிகள் அவரைத் தாண்டிப் போயின. இரண்டை அவர் தாண்டினார். வண்டி எங்கும் நிற்கவில்லை.

வெயில் இறங்கியதும் மாஸ்டரும் சீடரும் லாரியின் பின்பலகையில் உட்கார்ந்தார்கள். வரதராசு கையில் ஒட்டியிருந்த கரியைத் துடைத்தார். பிறகு கேட்டார்.

"நான் யாருன்னு மொத நாளே உங்களுக்குத் தெரியும். அப்படியும் என்னைச் சேர்த்துக்கிட்டீங்க. என் மேல உங்களுக்குக் கோபமே இல்லைங்களா, மாஸ்டர்?"

"இருக்குதுங்க," என்றார் மாஸ்டர். "இல்லாம இருந்திருந்தா, உங்க வண்டியை உங்க கையாலயே அறுக்க வச்சிருக்க மாட்டேன். நானே ஒரு வண்டியைக் கட்டிக் கொடுத்து உங்களை அனுப்பியிருப்பேன்."